அப்பாவின் அறையில் ஒரு பைன் காய்

ஓஸ்டர்முண்டிகன், சுவிஸ்
பங்குனி 14

அன்பு மகள் ஷரோனுக்கு,

மடு மாதாவின் கருணையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். ஒஸ்லோக் குளிரில் உனக்குத் தடிமன் இருமல் வராமல் இருக்க ஒவ்வொரு செபமாலையிலும் உன்னை நினைக்கிறேன். இது முறைப்பாட்டுக் கடிதம் இல்லை, நன்றி சொல்ல எழுதுகிறேன், பயப்படாமல் வாசி.

அப்பாவின் அறைச் சுவரில் பூஞ்சணம் பிடித்ததும் அவருக்கு இழுப்புக் கூடியதும் உனக்குத் தெரியும். மார்கழியில் எங்கள் வாடகை வீட்டு நிர்வாகத்திலிருந்து வந்தவர் சுவரில் கருவியை வைத்துப் பார்த்து, பிழை சுவரில் இல்லை, உங்கள் சமையலில்தான், பங்குனிக்குள் காயாவிட்டால் வீட்டை விடவேண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். நீ பிறந்து வளர்ந்த வீடு பிள்ளை. அப்பா அன்று சாப்பிடவில்லை. மீன் வாசம் போனால் கீழ்வீட்டுச் சுவிஸ் மனுசி ஃபிராவ் கெர்பர் குறை சொல்லுவா என்று, எண்ணெய் கொதிக்க முன்னமே எல்லா யன்னலையும் இறுக்கிப் பூட்டுகிறவள் நான் என்று அந்த நிர்வாகத்து மனிதருக்கு எப்படிச் சொல்வது? இங்கே எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தானே.

அந்தக் கிழமைதான் நீ போனில், மின்சாரம் இல்லாமல் தானாகவே திறந்து மூடும் காற்றுத் தடுப்புகளைக் கட்டடங்களுக்குச் செய்வதாகவும், அதைப் பைன் காயிடம் படித்ததாகவும் சொன்னாய். ஈரம் பட்டால் அதன் செதில்கள் மூடுமாம், காய்ந்தால் விரியுமாம். "ஒண்டைப் பொறுக்கித் தொங்கவிட்டுப் பாருங்கோ அம்மா, அது பொய் சொல்லாது" என்றாய். பூசை முடிந்து வரும்போது காட்டோரத்தில் ஒன்று பொறுக்கி, அப்பாவின் அறையில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். "இனி இதுக்கும் மெழுகுதிரி கொளுத்துவியோ?" என்று அவர் பகிடி பண்ணினார்.

எதையும் குறித்து வைக்கிற என் பழக்கம்தான் உனக்குத் தெரியுமே. மீன் பொரித்த நாளில் காய் கொஞ்சம்தான் சுருங்கியது. தோய்த்த உடுப்பை அந்த அறையில் கொடி கட்டிக் காயப்போட்ட நாளிலோ இறுக மூடிக்கொண்டது. பாவம் மீன், வீணாகப் பழி சுமந்தது! பிறகு உடுப்பையெல்லாம் நிலக்கீழ் அறைக்குக் கொண்டுபோனேன். சமைக்கும்போதும் துணிந்து யன்னலை அகலத் திறந்தேன். முதல் நாளே ஃபிராவ் கெர்பர் மேலே வந்து மணி அடித்தா. குறை சொல்லத்தான் வந்தா என்று நினைத்துக் கதவைத் திறந்தால், "இவ்வளவு காலமும் நீங்கள் சமைக்கிறதே இல்லையெண்டு நினைச்சன், என்ன கறி இது?" என்று கேட்டா. ஒரு கோப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

நேற்று அந்த நிர்வாகத்து மனிதர் திரும்ப வந்து சுவரைப் பார்த்தார். காய்ந்துவிட்டது, நீங்கள் இருக்கலாம், தாங்களே பெயின்ற் அடித்துத் தருகிறோம் என்றார். அவர் போனதும் மாதாவுக்கு முன்னால் முழந்தாளில் நின்று அழுதேன்.

எங்கள் காற்றுத் தடுப்புத் திட்டத்தை முதலாளி ஒத்திவைத்துவிட்டார், வேலையை விட்டுவிட யோசிக்கிறேன் என்று போன கிழமை சொன்னாய். விடாதே மகள். ஆண்டவர் ஒரு காய்க்குள் மறைத்து வைத்ததைக் காண உனக்குக் கண் தந்திருக்கிறார், அதற்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தீராது. நேரத்துக்குச் சாப்பிடு, உன் அறையிலும் உடுப்புக் காயப்போடாதே. மாதாவின் கை எப்போதும் உன் தலையில் இருக்கட்டும். உங்கள் வேலையால் யாருக்கு என்ன பயன் என்று முதலாளி கேட்டால், "என் அப்பா இப்போது இரவில் எழும்பிக் குந்தாமல், படுத்தபடியே மூச்சு விடுகிறார்" என்று சொல்லு.

உன் அன்பு அம்மா
றஞ்சினி அலோசியஸ்