நாற்பது மீட்டர்

குன்றாண்டார்கோவில்
2.9.2025

அன்புள்ள மாப்பிள்ளை கோபிநாத்துக்கு,

மச்சான் ஐயனார் எழுதுவது. இங்கே உன் அக்கா செல்வராணி நலம், நான் நலம், காட்டுப்பன்றிகள் எங்களைவிட நலம். போனில் கூப்பிட்டால், "ஆபீசர் பக்கத்துல இருக்காரு மச்சான், அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது.

கடலைக் கொல்லையில் பாதி போய்விட்டது. உங்கள் வனத்துறைக் குழு வந்து அளந்தால், காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு நாற்பது மீட்டர் குறைகிறதாம்! அதனால் பன்றியைச் சுட முடியாதாம். வெயிலில் நிற்கிறீர்களே என்று காட்டுப் பக்கமான மேற்கு ஓரத்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் இளநீர் வெட்டிக் கொடுத்தேன். நீ அங்கேயே நின்று போனில் அளந்துவிட்டாய். பன்றி தோண்டிய குழி அங்கிருந்து நூறு மீட்டர் கிழக்கே. அதுவரை நடந்தால் கால் தேய்ந்துவிடுமா?

உன் அப்பா வனக்காவலராக இருந்தபோது, என் அப்பா வலை கட்டிப் பன்றி அடித்தால் முதல் பங்கு தேக்கிலையில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். நரியை அடித்தவனுக்கு மாலையே போட்டார்கள். இப்போது பன்றிக்குட்டியைத் தின்ன நரியும் இல்லை, வலையும் இல்லை. பன்றிக்குக் காவலாக என் சொந்த மைத்துனன் நிற்கிறான். நன்றாயிருக்கிறது உங்கள் சட்டம்.

எரிச்சலுடன்,
ஐயனார்

நார்த்தாமலை
6.9.2025

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

கோபிநாத்தின் வணக்கம். சட்டத்தை நான் எழுதவில்லை. காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது. மூன்று வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் எங்கள் ஆட்கள் மட்டும் சுடலாம். இந்த அளவுக்கு இறங்கி வந்ததே இந்த வருஷம்தான்.

குழியருகே அளந்திருந்தால் மூன்றைத் தாண்டியிருக்கும், உண்மை. அன்று எனக்கும் இளநீர்தான் கண்ணில் இருந்தது. மறு அளவைக்கு எழுதிக் கொடுத்தேன். "ஒங்க மச்சான் கொல்லைன்னா மட்டும் ரெண்டு தடவ அளப்பீங்களோ?" என்று அதிகாரி கேட்கிறார். அதுவரை கூண்டு வரும்.

அப்பா கறி வாங்கியது தப்புதான். அப்போதும் சட்டம் இருந்தது, கேட்க ஆளில்லை. நானும் தின்றேன், மறுக்கவில்லை.

நீங்கள் கட்டுக்கம்பி வாங்கி வந்திருப்பதாக அக்கா சொன்னாள். மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் மட்டும் இழுத்துவிடாதீர்கள், மச்சான். கம்பிக்குப் பன்றி யார், மனிதர் யார் என்று தெரியாது.

தங்கள்,
கோபிநாத்

குன்றாண்டார்கோவில்
15.9.2025

மாப்பிள்ளைக்கு,

உன் கூண்டு வந்தது. பக்கத்துக் கொல்லை இசைவாணியின் ஆடு இரண்டு முறை மாட்டியது. உள்ளே வைத்த மரவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டு நிம்மதியாகப் படுத்திருந்தது. உங்கள் ஆள் வந்து திறப்பதற்குள் மதியமாகிவிட்டது. இசைவாணி என்னைத் திட்டிய திட்டை எழுதினால் தபால்காரர் வாங்க மாட்டார்.

பன்றிகள் கூண்டைச் சுற்றிக்கொண்டு போய் அரை ஏக்கரை உழுதுவிட்டன. பத்து நாளில் பறிக்க வேண்டிய கடலை. இதுவும் போனால் வருஷம் முழுக்க என்ன செய்வது? கம்பி கட்டிவிட்டேன். கொட்டகையிலேயே படுத்திருந்து விடியுமுன் கரண்டை நிறுத்திவிடுகிறேன். உன் அக்காவுக்குத் தெரியாது, சொல்லிவிடாதே. இதை வனக்காப்பாளருக்கு எழுதவில்லை, மாப்பிள்ளைக்கு எழுதுகிறேன்.

ஐயனார்

நார்த்தாமலை
18.9.2025

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. பத்து முறை கூப்பிட்டேன், நீங்கள் போனை எடுக்கவில்லை. அக்காவின் போனும் அணைந்திருந்தது. இன்று வெளிச்சம் வருமுன்னே பைக்கில் வந்தேன்.

நீங்கள் கொட்டகையில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அக்கா உங்களுக்குத் தூக்குவாளியில் டீ எடுத்துக்கொண்டு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் கம்பிக்கும் பத்தடி. நான் கத்திய கத்தலில் வாளியைப் போட்டுவிட்டு நின்றாள். "என்னடா தம்பி, இந்நேரத்துல இங்கிட்டு எங்க வந்தே?" என்றாள். நான் ஓடிப்போய் சுவிட்சை இறக்கிக் கம்பியை அறுத்தேன். அப்போதுதான் கண் விழித்த நீங்கள், "பன்னி விழுந்துருச்சா?" என்று கேட்டீர்கள். அங்கே நின்றிருந்தால் உங்களை அடித்திருப்பேன். அதனால்தான் உடனே பைக்கை எடுத்தேன்.

அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் பெயரும் என் கையெழுத்தும் அதில் இருக்கின்றன. வழக்கு வரும், மோட்டார் இணைப்பும் போகும். மச்சான் என்று மறைத்தால், தேக்கிலையை வாங்கி உள்ளே வைத்த அப்பாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இனி உறவு வேண்டாம் என்றால் எழுதிவிடுங்கள்.

கோபிநாத்

குன்றாண்டார்கோவில்
5.10.2025

மாப்பிள்ளை கோபிநாத்துக்கு,

வீட்டுப்பக்கம் வராதே என்று மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் உன் அக்கா அடுப்பில் போட்டாள். அன்றிலிருந்து அவள் எனக்கு டீ கொடுப்பதில்லை. நானே போட்டுக்கொள்கிறேன், வாயில் வைக்க முடியவில்லை.

நேற்று உன் ஆபீசில் கம்பி கட்டியது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீ ஃபைலைப் புரட்டிக்கொண்டு என்னைப் பார்க்காத மாதிரியே இருந்தாய். மறு அளவைக்கு உத்தரவு வந்துவிட்டது என்று உங்கள் அதிகாரிதான் சொன்னார். கடலை எல்லாம் முடிந்த பிறகு!

பத்தடி என்று எழுதியிருந்தாய். உன்மேல் இருந்த கோபத்தில், அதையாவது பொய் என்று காட்டலாமென்று டேப்பை எடுத்துப் போனேன். வரப்பில் வாளி விழுந்த இடத்தில் அதன் மூடி இன்னும் கிடக்கிறது. அங்கிருந்து கம்பி கட்டிய குச்சிவரை நாலடிதான் இருக்கிறது, மாப்பிள்ளை. இரண்டாம் தடவையும் அளந்து பார்த்தேன், அதே நாலடி.

நீ என்றைக்குச் சரியாக அளந்திருக்கிறாய்? அளக்க வா. இளநீர் உண்டு. வெயிலில் நின்றுதான் குடிக்க வேண்டும்.

உன் மச்சான்,
ஐயனார்