ஸ்டோருக்குள் போன மோர்மிளகாய்

என் அருமை அப்பாவுக்கு, உங்கள் செல்லம்மா எழுதுவது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொட்டகலை மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லார் வீட்டிலும் குளிருக்கான வேலை நடக்கிறது. நாங்களும் கிழிந்த சேலைகளை அடுக்கிப் போர்வை தைக்கிறோம். எலுமிச்சங்காயை நாலாகக் கீறி, உப்பு அடைத்து, சாடியில் போட்டாயிற்று. என் சின்னவனுக்குக் கம்பளி நூலில் தொப்பி பின்னுகிறேன். ஆமாம் அப்பா, உங்களுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். மூக்கு அப்படியே உங்கள் மூக்கு, பாவம்.

மோர்மிளகாய் மட்டும் போடவில்லை. நம் ஒற்றை அறைக் காம்பராவில் அது போட்டுப் பத்து வருஷம் ஆகிறது. அதன் உண்மைக் காரணம் இத்தனை நாள் உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். போன செவ்வாய்க்கிழமையிலிருந்து அம்மாவுக்கும் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் வாயால் நீங்கள் கேட்டதில்லையே.

அந்த வருஷமும் இதே போல மழை. மோரில் ஊறவைத்த மிளகாய் ஒரு வாரமாக வெயில் காணாமல் தட்டிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. அம்மா உங்களைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, நாளெல்லாம் தேயிலை காயிற அடுப்புக்கிட்டதான நிக்கிறீங்க? ஒரு நா அந்த வெக்கையில வச்சு எடுத்தா காஞ்சிறாதா?"

"ஒனக்கென்ன பைத்தியமா புள்ள? வெங்காயம் தின்னுட்டு ஸ்டோருக்குள்ள போனாலே டீமேக்கரய்யா மூக்கச் சுளிப்பாரு. தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கிரும்" என்றீர்கள்.

வேலைக்குப் போகும் முன் சாம்பல் போட்டுக் கை கழுவுகிற மனிதர் நீங்கள். அம்மா விடவில்லை. மூன்று நாள் அதே பேச்சு, அதே சண்டை. எனக்குப் பதினாலு வயது, பெரிய புத்திசாலி என்று நினைப்பு. பள்ளிக்கூடத்துத் தையல் பாடத்தில் மாவு வந்த துணியில் ஒரு பை தைத்து, ஓரத்தில் சிவப்பு நூலால் சங்கிலித்தையல் போட்டிருந்தேன். அதில் மிளகாயைக் கட்டினேன். மதியம் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு உங்களுக்குச் சோறு கொண்டுவந்தபோது, நீங்கள் கை கழுவப் போன நேரம் பார்த்து, அடுப்புக்கு மேலிருந்த பலகையில் பையைச் செருகிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அம்மா தட்டில் மிளகாயைக் காணோம் என்று தேடினாள். "அப்பாதாம்மா கொண்டுபோனாரு" என்றேன். அவள் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? "வாய்தான் கத்துமே தவிர மனசு தங்கம்" என்றாள். உங்கள் இருவரையும் சேர்த்துவைத்துவிட்டதாக நான் பூரித்துப்போனேன். நீங்கள் அன்று இரட்டை வேலை, வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் பொய் அப்போதே உடைந்திருக்கும். உடைந்திருக்கக் கூடாதா?

மறுநாள் நான் சோற்றோடு வந்து வாசலில் நிற்கிறேன். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரய்யா கையில் என் பை. "ஒரு நாள் தேயிலை பூராவும் புளிச்ச மோர் நாத்தம். யாருடா இத வச்சது?" என்று கத்துகிறார். நீங்கள் அந்தச் சிவப்புத் தையலைப் பார்த்தீர்கள். அப்புறம் வாசலில் நின்ற என்னைப் பார்த்தீர்கள்.

"நான்தாங்க வச்சேன்" என்றீர்கள்.

அன்றே உங்களை ஸ்டோரிலிருந்து மலை வேலைக்கு அனுப்பினார்கள். இருபது வருஷம் அடுப்பு வெக்கையில் நின்ற உடம்பு, மழையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டப் போனது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே நீங்கள். ஒரு அறை அறைந்திருக்கலாம். நான் என்ன செய்தேன்? வாத்தியாரம்மா கொடுத்த பழைய ஸ்வெட்டரைப் பிரித்து நூலாக்கினேன். இரண்டு குடைக்கம்பிகளைத் தேய்த்து ஊசியாக்கி, உங்களுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லத் துப்பில்லாதவள் கையால் செய்த வேலை அது. அடுத்த மாதமே, கார்த்திகையில் உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டியபோது ஒரு கை பாக்கி இருந்தது. ஒற்றைக் கை ஸ்வெட்டரோடுதான் உங்களைப் புதைத்தோம்.

அன்றிலிருந்து அம்மா காரம் தொடவில்லை. உப்புக் கஞ்சிதான். "என் நாக்கு கேட்ட காரந்தான அந்த மனுசனக் கொண்டுக்கிட்டுப் போச்சு? இனி அதுக்குக் கெடையாது" என்பாள். பத்து வருஷம் இதைக் கேட்டுக்கொண்டே அவளுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். நான் எப்பேர்ப்பட்ட பிறவி, சொல்லுங்கள்.

போன வாரம் அவள் கொழுந்து பறிக்கிற மலையில் மயங்கி விழுந்தாள். டிஸ்பென்சரியில் பார்த்துவிட்டு, உடம்பில் இரத்தமே இல்லை, இப்படியே கஞ்சி குடித்தால் அடுத்த மழைக்கு இருக்க மாட்டாள் என்றார்கள். அதற்கப்புறமும் மூடி வைக்க முடியுமா?

செவ்வாய்க்கிழமை போர்வையின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தோம். "அம்மா, அந்த மொளகாய அப்பா கொண்டுபோகல. நான்தான் வச்சேன். ஒங்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன்.

அவள் ஊசி நின்றது. "அவருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"பையப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சும்மா."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப, அப்பனும் மகளும் சேந்துக்கிட்டு என்னையக் கொலகாரின்னு நெனைக்க விட்டுட்டீங்க" என்றாள். "சாகுறப்ப அவரு கையப் புடிச்சு, மன்னிச்சிருங்கன்னு அழுதேனேடி. அப்பகூட 'விடு புள்ள'ன்னுதான சொன்னாரு? அதுக்கு நீ காரணம் இல்லன்னு சொல்லலியே?"

அதற்குப் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும், அப்பா. உங்களிடம் இருக்கிறதா? நீங்கள் சாகக் கிடந்தபோது நானும் அங்கேயே உட்கார்ந்து ஸ்வெட்டர் கையைப் பின்னிக்கொண்டிருந்தேன். நான் இருந்ததால்தான் சொல்லவில்லையா? என்னைக் காப்பாற்றினீர்கள், சரி. அவளை ஏன் விட்டுவிட்டீர்கள்? இதைக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

மறுநாள் காலை அம்மா மூன்று கல்லைப் பொறுக்கி வந்து, காம்பராவின் மறுமூலையில் தனி அடுப்பு போட்டாள். என் கைச் சோறு அவளுக்கு வேண்டாமாம். பேரனைத் தூக்குகிறாள், கொஞ்சுகிறாள். என்னிடம் பேச்சில்லை. உங்கள் பேரையும் எடுப்பதில்லை. ஒரே காம்பராவில் இப்போது இரண்டு புகை. என் வீட்டுக்காரர் இரண்டு அடுப்புக்கும் விறகு பிளந்து போட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்.

நேற்று அவள் அடுப்பிலிருந்து காய்ந்த மிளகாய் தாளிக்கிற நெடி வந்தது. எனக்குக் கண் கரித்தது. தட்டு நிறையச் சோறு போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முழுவதும் சாப்பிட்டாள்.

அவள் பிழைத்துக்கொள்வாள். ஆனால் என்னோடு பேசுவாளா, தெரியாது. ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். என்றைக்காவது அவள் வாயைத் திறந்து ஏசத் தொடங்கினால் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். எனக்குச் சேர வேண்டியதையும் கேட்டுக்கொள்வேன், உங்களுக்குச் சேர வேண்டியதையும் நானே கேட்டுக்கொள்வேன்.

இப்படிக்கு,
அம்மாவுக்கு எதிர் மூலையில் உலை வைத்துக்கொண்டிருக்கும் உங்கள் மகள்,
செல்லம்மா