இங்கேயும் 'பார்க்கலாம்'தான்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

எல்லைச் சண்டையை நிறுத்தப் பல நாடுகள் கூடிய பேச்சுவார்த்தையில் நேற்று நான்தான் மொழிபெயர்ப்பாளன். "படையை வாபஸ் வாங்குவீங்களா?" என்று வெளிநாட்டு அதிகாரி கேட்டார். உள்ளூர்த் தளபதி, "பார்க்கலாம்" என்றார். இவர்கள் பாஷையிலும் அது நம் வீட்டுப் 'பார்க்கலாம்'தான். நான் சைக்கிள் கேட்டபோதெல்லாம் நீ சொல்வாயே, அதே. சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தேன். அதிகாரி முகம் மலர்ந்து, "அப்ப சரின்னுட்டார்!" என்று கைகுலுக்கினார். மறுக்கத் தளபதிக்குக் கூச்சம். இன்று குண்டுச் சத்தமே இல்லை!

இங்கே குளிர். உன் போர்வை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

ஜீப் ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். போனில் "எப்படா வருவே?" என்று கேட்டாய். "பார்க்கலாம்" என்றேன். அதை அந்த அதிகாரி மாதிரியே எடுத்துக்கொள், அம்மா.

உன் பையன்