நாடா வைத்த பேண்ட்

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நலம் விசாரிக்க மனசு வரவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

என் வீட்டுக்காரர் போய் ஒரு மாசம் ஆகிறது. நேற்று அவருடைய சாமான்களை வாங்க ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். புது மேலாளர் ஒரு அறிக்கையைப் படித்துக் காட்டினார். மெஷினில் கரண்ட் நிலையாக நிற்காமல் ஆடியதற்கு, இவர் இரும்புச் சாமானைப் பையில் போட்டுக்கொண்டு அளவு அறைக்குள் போனதுதான் காரணமாம். கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று மேலாளருடையது, இன்னொன்று உங்களுடையது. பன்னிரண்டு வருஷம் அவரோடு ஒரே மேஜையில் வேலை பார்த்த நீங்கள், இப்போது மாற்றலாகி வேறு ஊரில் உட்கார்ந்துகொண்டு எதைப் பார்த்து அண்ணா கையெழுத்துப் போட்டீர்கள்?

ஐந்தாவது தாண்டாத எனக்கே தெரியும். கம்பியில் கரண்ட் ஓடினால் சுற்றிலும் காந்தம் உண்டாகும். கண்ணாடிக் குப்பிக்குள் பாய்கிற வெளிச்சம் அந்தக் காந்தத்தை அளந்து சொல்லும். அதை வைத்து மெஷின் கரண்ட் கூடினால் குறைக்கும், குறைந்தால் கூட்டும். பக்கத்தில் இரும்பு அசைந்தால் வெளிச்சம் ஏமாந்துபோகும், ஒழுங்காக ஓடுகிற கரண்டைப் போய் மெஷின் திருத்தும். எங்கள் வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் தட்டில் கை காயக் காயப் பேசியதுதான் எனக்குப் பள்ளிக்கூடம்.

அந்த மனுஷனா இரும்பு கொண்டு போவார்? வீட்டுச் சாவியைக்கூட வாசல் காவல்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார். பெல்ட் கிடையாது, கொக்கி கிடையாது. பேண்டுக்கு நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தவள் நான். என்னப்பா, பாவாடை நாடாவா என்று கேலி செய்தவர் நீங்கள். மறந்துபோச்சா?

அளவு அறைக்கு அடுத்தது மேலாளர் அறை. நடுச்சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு இரும்பு பீரோ நிற்கிறது. முன்னே மர அலமாரி இருந்த இடம். கூட்டுகிற அக்காவைக் கேட்டேன். இந்த மேலாளர் வந்த வாரமே அதுவும் வந்ததாம், நாள் முழுக்க அதன் கதவைத் திறப்பதும் மூடுவதுமாம். அதற்கு அப்புறம்தான் கரண்டில் ஆட்டம். மேலாளர் அறைக்குள் இவரை யார் கூப்பிட்டார்கள், பீரோவைப் பார்ப்பதற்கு? கடைசி வாரம் சாப்பாடு இறங்காமல், எங்கே தப்பு பண்ணினேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

மேலாளரிடம் சொன்னேன். உங்களுக்கு இதெல்லாம் புரியாதும்மா என்று நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். உங்களுக்குப் புரியும்.

பீரோவை அரை நாள் நகர்த்திப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். கரண்ட் ஆடாமல் நின்றால் உங்கள் கையெழுத்தைத் திரும்ப வாங்குங்கள். அவருடைய பேண்ட் ஒன்றையும் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறேன். யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டுங்கள். துவைக்காமல் வைத்திருந்தது. நீங்களும் துவைக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அண்ணியும் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும். நீங்கள் நூறு வயசு இருங்கள். உங்கள் பெயருக்காக அண்ணி இப்படி ஒரு கடிதம் எழுதுகிற நாள் வரவே வேண்டாம்.

இப்படிக்கு,
நீங்கள் தங்கை என்று கூப்பிட்டவள்