விளக்கை நூர்த்தது யார்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். தண்ணீர்த் தொட்டி கழுவவேண்டும்.

முதலில் ஒன்று. விளக்கை நான் ஊதவில்லை. நேற்று மருமகள் ரேவதியின் வளைகாப்பில் நான் மனம் பொறுக்காமல் குத்துவிளக்கை ஊதி நூர்த்தேன் என்று கதை. பரந்தன் சந்தி வரை போய்விட்டது. பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டுப் பூமணி, கரிசனை முகத்தோடு: “அக்கா, விளக்கை நீங்களோ நூத்தனீங்கள்?”

மின்விசிறி என்றேன். நம்பவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு பாணை மணந்து பார்த்தாள்.

நடந்தது நடந்தபடி. மகன் கண்ணன் படித்தது திருச்சியில், பெண் எடுத்ததும் அங்கேயே. பெண்ணின் தாய் தகப்பன், மல்லிகா, சுந்தரம் (இனி ம., சு.), வளைகாப்புச் செய்து மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறார்கள். வெள்ளி பயணம். தலைப்பிள்ளை தாய்வீட்டில், அதுதான் முறை. அதில் எனக்கு மறுப்பில்லை.

நேற்றுச் சுமங்கலிகள் வளையல் போட்டு முடிய ரேவதி என் பக்கம் கையை நீட்டினாள். நான் சுவரோரம், விளக்குக்குப் பக்கத்தில். போடப்போவதில்லை என்று காலையிலேயே தீர்மானித்திருந்தேன். இவர், கண்ணனின் தகப்பன், போன நாளிலிருந்து எந்தச் சபையிலும் நானாகத்தான் விலகி நின்றிருக்கிறேன், யாரும் சொல்லி அல்ல. ம. கதிரையிலிருந்து எழுந்து நடுவில் வந்து நின்றாள். “நீங்க உட்காருங்க சம்பந்திம்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்.” அயல் முழுக்க இருந்தது. என் வீடு. என் கதிரை.

அந்த நேரம் பார்த்துச் சு.வுக்கு வியர்த்தது. ஓடாமல் நின்ற விசிறியைத் தான் இருந்த என் பக்கத்துக்குத் திருப்பி முழு வேகத்தில் விட்டார். விளக்கு நூர்ந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தது என்னை.

சண்டையில் வீடு வாசல் விட்டு ஓடியபோதும் சாக்கில் கட்டித் தூக்கிப்போன விளக்கு அது. பானை சட்டி விட்டுப் போனேன், அதை விடவில்லை. நானா நூர்ப்பேன்?

மாலை. நான் குசினியில் சமையலில். யன்னலுக்கு வெளியே ம. திருச்சிக்குத் தொலைபேசியில், ஊர் கேட்கும் குரலில். “பாவம், தாலி இல்லாத மனசு. பார்த்துக்கிட்டே நின்னாங்க, ஊதிட்டாங்க. நான் ஒண்ணும் கேட்டுக்கல. ஆனா பச்சப்புள்ளைய இந்த வீட்டுக்குத் திரும்ப அனுப்பணுமான்னு யோசிக்கணும்.”

பாவமாம்.

மன்னிப்பைப் பற்றி, கொன்வென்ற்றில் படித்தபோது மதர் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. பிறகு பார்க்கலாம்.


ஜூலை 9, புதன்

சோளகக் காற்று, புழுதி. தொட்டி கழுவவில்லை.

சு.வுக்குக் கடல் பார்க்கவேண்டும். வாடகைக்கு வான் வண்டி பிடித்து முல்லைத்தீவு. கண்ணனுக்கு வேலை, ஆகவே வழிகாட்ட நான். அவன் வாசலில் வைத்து மெல்ல, “அம்மா, ஒரு கதையும் கதையாதேங்கோ.” கதைக்கவில்லை.

விசுவமடு, புதுக்குடியிருப்பு, வட்டுவாகல் பாலம். பாலத்தில் இறங்கிப் படம். பட்டினத்தில் சந்தை, மாதா கோவில், படகுகள். ரேவதிக்குக் கால் வீக்கம், வானிலேயே இருந்தாள். கருவாடு காயும் பக்கம் ம. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டம். சுத்த சைவம். வந்த அன்றே என் சட்டிகளைத் தொட்டுத் தொட்டு, “இது மீன் வெச்ச பாத்திரமா, இதுவுமா?” பிறகு திருச்சியிலிருந்து கொண்டுவந்த குக்கரை வெளியே எடுத்தாள். என் அடுப்பையும் புளி போட்டுக் கழுவினாள். அடுப்பு என்ன பாவம் செய்தது.

கடற்கரை. ஆளில்லை. சு. சொன்னார், “மெரினா மாதிரி ஒரு சுண்டல் கடைகூட இல்லையே. இவ்வளவு நல்ல பீச்சை சும்மா வெச்சிருக்கீங்களே.”

“ஓம். ஒருக்கா சனம் நிறைஞ்சுதான் இருந்தது” என்றேன்.

அவர் படம் எடுத்தார். ம. காலை நனைக்கக் கூப்பிட்டாள். நான் செருப்போடு நின்றேன். இவர் போனது இந்தக் கரையில். அவர்களுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

பிறகு பசி. கடையைத் தெரிந்தெடுத்தது சு. காசு மேசைக்கு மேலே பிள்ளையார் படம், முதலாளி நெற்றியில் திருநீறு. “சைவக் கடைதான், வாங்க வாங்க” என்று சு. முன்னால் போனார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மை சொல்லியிருப்பேன். கேளாத கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்பது மதர் தந்த பழக்கம்.

இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, சீனிச் சம்பல். சம்பலில் மாசி. சூரை மீனை அவித்து, மரக்கட்டை போலக் காயவைத்து இடித்த தூள். அது இல்லாமல் அந்தக் கடையில் சம்பல் இல்லை. வாசத்திலேயே எனக்குத் தெரிந்தது.

ம. ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடினாள். இன்னும் கேட்டாள். இன்னும்.

“வெங்காயத்துல இப்படி ஒரு ருசியா? என்னடி போட்டிருக்காங்க இதுல?”

ரேவதி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். மசக்கை தொடங்கியதிலிருந்து மீன்குழம்பு கேட்டு என் குசினியில் தின்கிற பிள்ளை. தாய்க்குத் தெரியாமல் நானும் வைத்துக் கொடுக்கிறேன்.

“மசாலாம்மா” என்றாள்.

நான் சொதி குடித்தேன். நல்ல சொதி. தேசிக்காய்ப் புளி கொஞ்சம் கூட.

ம. ஒரு போத்தல் சம்பல் வாங்கினாள், திருச்சிக்கு. வானில் ஏறியதும் என் கையைப் பிடித்து, “சம்பந்திம்மா, செய்முறை எழுதிக் குடுத்துடுங்க. எங்க வீட்ல எல்லாருக்கும் செஞ்சு போடணும்.”

“எழுதித் தாறன்.”

இந்த மாதத்தில் நன்றாகத் தூங்கப்போவது இன்றுதான்.


ஜூலை 10, வியாழன்

வெயில். தொட்டி கழுவியாயிற்று. ரேவதியின் பெட்டிக்கு: மிளகாய்த்தூள், பனங்கிழங்கு ஒடியல் மா, பழைய வெள்ளை வேட்டி கிழித்த துணி (பிள்ளைக்கு), என் பச்சைச் சால்வை.

கண்ணனிடம் கேட்டேன். உன் மாமி மல்லிகா, பூமணிக்கு முன்னால் ஒரு வசனம் சொல்லட்டும், விசிறிதான் என்று. சொன்னால் விடுகிறேன்.

“அம்மா, அவை நாளைக்குப் போகினம். விடுங்கோவன். விளக்குத்தானே.”

விளக்குத்தானே. படிப்பித்ததற்குப் பலன்.

மத்தியானம் எல்லாரும் படுத்தபின் ரேவதி குசினிக்கு வந்தாள்.

“மாமி, அம்மாகிட்ட மாசி விஷயத்தச் சொல்லிடாதீங்க. தாங்கமாட்டாங்க.”

“திங்கக்கிழமை ஃபானைப் போட்டது ஆர் எண்டு உமக்குத் தெரியுமோ?”

தரையைப் பார்த்தாள். “அப்பாதான். பார்த்தேன்.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

அத்தனை பேரும் என்னைப் பார்க்கவிட்டு இருந்திருக்கிறாள். மீன்குழம்பு தின்ற வாய்.  

பிறகு மடியிலிருந்து இரண்டு கண்ணாடி வளையல் எடுத்துக் கையை நீட்டினாள். “நீங்க போடுங்க மாமி. யாரும் இல்ல.”

யாரும் இல்லை என்பதால்தான் போடவில்லை. சபையில் மறித்ததைக் குசினியில் களவாக வாங்க என்னால் முடியாது. அப்படியே சொன்னேன். அழுதாள். கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல்களும் வீக்கம். உப்பைக் குறைக்கச் சொன்னேன். வளையல் இரண்டும் அடுப்புக்கல்லில் கிடந்தன. எடுத்து அலுமாரியில் வைத்தேன். பிள்ளையோடு வந்து, எல்லாரும் பார்க்க நீட்டட்டும்.

மாசியைப் பற்றித் தாயிடம் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்தால் கொடுத்ததுதான். எழுதக்கூடாது என்று அவள் கேட்கவில்லை.

மாலை. ம. பெட்டி அடுக்குகிறாள். சம்பல் போத்தல் எங்கே போகிறது என்று பார்த்தேன். குங்குமம், திருநீறு, சாமிப்படம், அதோடு.


ஜூலை 11, வெள்ளி

விடியமுன் எழும்பித் தேத்தண்ணீர். வானம் மூட்டம், மழை வராது. விளக்குக்குத் திரி புதிது போட்டு ஏற்றினேன். ஒரே நிலையாய் எரிந்தது.

வாசலில் பூமணியும் வந்து நின்றாள், வழியனுப்ப என்று, உண்மையில் விடுப்பும் வேடிக்கையும் பார்க்க. ம. என்னைக் கட்டிப்பிடித்தாள். “மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க சம்பந்திம்மா.” எதை வைத்துக்கொள்ளக்கூடாது என்று சொல்வாள் எனக் காத்துநின்றேன். பூமணியிடம் கையாட்டிவிட்டுப் போனாள். சு. வானில் ஏறியதும் ஏசி போடச் சொன்னார். அந்த மனிதருக்கு எப்போதும் வியர்வை.

ரேவதி காலைத் தொடக் குனிந்தாள். வயிற்றோடு குனியவேண்டாம் என்று பிடித்து நிறுத்தினேன். முகத்தைப் பார்க்கவில்லை. வான் திரும்பும்போது பார்த்தேன்.

ம.வின் கைப்பையில் ஓர் உறை வைத்திருக்கிறேன். பிரதி கீழே.

திருமதி மல்லிகா அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட சீனிச் சம்பல் செய்முறையை, ஒரு பொருளும் விடாமல், எழுதி முடித்து வைத்திருக்கிறேன். அதற்குமுன் ஒரு சிறு விடயம். திங்கட்கிழமை வளைகாப்பின்போது மின்விசிறியைப் போட்டவர் யார்? ஒரு வரி போதும். கையொப்பம் வேண்டும். அதைப் பூமணிக்குக் காட்டியதும் செய்முறையைத் தபாலில் சேர்ப்பேன்.

தொலைபேசியில் வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்.