கூடத்துச் சுவரின் அடிப்பட்டை

என் அம்மாவுக்கு,

இதை யாருக்கும் காட்டிவிடாதே. அங்கே தாத்தா பக்கத்தில் இருந்தால் அவருக்கும் படித்துச் சொல்லாதே. அவருக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. நான் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கைத் தணித்து வைத்து எழுதுகிறேன். கூடத்தில் புதுத் தரை காயாமல் இருக்கத் தண்ணீர் கட்டியிருக்கிறது. அப்பாவும் அத்தையும் வாசலில் படுத்திருக்கிறார்கள்.

ஆமாம், நம் வீட்டுக்குச் சிவப்புச் சிமெண்டுத் தரை போட்டாயிற்று. நீ கேட்டபோதெல்லாம் "தக்காளி விலை ஏறட்டும்" என்று தள்ளிப்போட்ட அப்பா, இப்போது யாரும் கேட்காமலே போட்டார். வருகிற வெள்ளிக்கிழமை இந்தக் கூடத்தில் எனக்கும் மாமாவுக்கும் நிச்சயம். உன் தம்பிதான்.

மாமா மேல் எனக்குக் கோபம் இல்லை. மாரண்டஹள்ளிச் சந்தைக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர். அவரைப் போய் எப்படி அம்மா? நான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெரிய பரீட்சை எழுத வேண்டாமா?

வேலையில் ஒரு தப்பு நடந்துவிட்டது. பொங்கலுக்கு நாம் என்ன செய்வோம்? முதலில் சுவருக்கு வெள்ளையடிப்போம், அப்புறம் தரையை மெழுகுவோம். அப்பா அதே வழக்கத்தில் முதலில் வெள்ளையடித்துவிட்டு, அதற்குப் பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டார். தரை முடிந்ததும், சுவரடியில் சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்கு அதே சிவப்பில் பட்டை பூச வேண்டும். ஸ்கர்ட்டிங் என்கிறார்கள். கழுவிவிடும்போது சுவரில் தண்ணீர் ஏறாதாம்.

நஞ்சப்பா மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "சுண்ணாம்பு மேல சிமெண்டு பிடிக்காதுங்க. அடிச் சுவத்தைக் கொத்திட்டுத்தான் பூசணும்."

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அடிச்ச வெள்ளையெல்லாம் பாழாப் போவும். ஆளுங்க வர்ற நேரத்துல வூடு கொத்துன கோழியாட்டமா இருக்கறது? அப்படியே பூசுங்க."

"பூசறேன். அப்புறம் நஞ்சப்பா மேல கொற சொல்லக் கூடாதுங்க."

"பூசு மேஸ்திரி, நான் பாத்துக்கறேன்."

பூசிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அத்தை இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சுவத்துக்குப் பாவாடை கட்டியாச்சு. இனி இவளுக்குச் சேலைதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அவருக்கும் பிடிக்கவில்லையோ? யாராவது அவரைக் கேட்டார்களா?

தண்ணீர் தெளிப்பது என் வேலை. இன்று சாயங்காலம் பட்டையைத் தட்டிப் பார்த்தேன். காலிப் பானையைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. வாசற்படி ஓரத்தில் விரிசலில் விரலை விட்டேன், ஒரு துண்டு கையோடு வந்துவிட்டது. பயந்துபோய் மறுபடி ஒட்டவைத்துவிட்டு வந்தேன். விழுந்தால் என்னைத்தான் சொல்வார்கள். "நிச்சயத்தை நிறுத்தத்தானே நோண்டுன?" என்று அத்தை கேட்பார்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அது விழட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். எல்லாவற்றையும் பெயர்த்துக் கொத்திப் பூசி, மறுபடி வெள்ளையடிப்பதற்குள் ஆனி முடிந்துவிடும். ஆடியில் யாரும் நிச்சயம் வைக்க மாட்டார்கள். ஆனால் அதற்கப்புறம் ஆவணி வந்துவிடுமே. அப்போது எந்தச் சுவர் விழும்?

அத்தை எல்லோரிடமும் ஒன்று சொல்கிறார். சாகும்போது நீ, "சரசுவை என் தம்பிக்கே குடுங்க" என்று கேட்டாயாம். செத்தவள் வார்த்தையை மீறக் கூடாது என்று அப்பாவும் நம்புகிறார். தூங்குவதற்கு முன் உன் படத்தைப் பார்த்து, "உன் ஆசைப்படியே செய்யறேன்" என்று அவர் சொன்னதை நானே கேட்டேன்.

அன்று ராத்திரி உன் பக்கத்தில் இருந்தது நான் அம்மா. அத்தை விடிந்த பிறகுதான் பஸ்ஸில் வந்து இறங்கினார். நீ தண்ணீர் கேட்டாய். கன்றுக்குட்டியைக் கட்டினாயா என்று கேட்டாய். வேறு எதுவும் கேட்கவில்லை. இதை இத்தனை நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் என்னைக் கேட்கவில்லை.

கூடத்தில் தொப்பென்று ஏதோ தண்ணீரில் விழுந்தது. சின்னத் துண்டின் சத்தம் இல்லை. ஒரு பக்கமே விழுந்திருக்க வேண்டும்.

அப்பா எழுந்துவிட்டார். அவர் கால் சத்தம் கேட்கிறது. சுவர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க மாட்டேன் அம்மா, இது சத்தியம். நீ கடைசியாகக் கேட்டது என்ன என்று இப்போதே அவரிடம் சொல்லிவிடுகிறேன். பட்டையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கதவைத் தட்டுகிறார். "சரசு, முழிச்சிருக்கியா கண்ணு?"

உன் மகள்
சர...