வன்கூவர் மாப்பிள்ளையின் தூண்டில் தடி

11 ஒக்டோபர் 1991, வெள்ளி

காலையிலிருந்து தூறல். முன்னறைக் கதிரைகளை மாற்றிப் போட்டது என் வேலை. வடை, கேசரி மனைவி பரிமளத்தின் வேலை. வெள்ளி என்பதால் வீட்டில் மரக்கறி.

பி.ப. 4.10. மகள் சுமதியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை யோகன். கூடவே இங்கே லண்டனில், பிளேஸ்டோவில் இருக்கும் அவருடைய அக்காவும் அத்தானும். மாப்பிள்ளை கனடாவில் வன்கூவரிலிருந்து இரண்டு கிழமை லீவில் வந்தவர். 20ஆம் திகதி ஞாயிறு மாலை விமானம். அதற்குள் எங்கள் முடிவு தெரிய வேண்டுமாம்.

தெரிந்தவை:
வயது 34. மானிப்பாய். தாய் தகப்பன் இல்லை.
தண்ணீர்ப் பம்பு செய்யும் கொம்பனியில் எஞ்சினியர்.
நண்பர்கள் இருவரோடு பங்குக்கு ஒரு சின்னப் படகு. சனி, ஞாயிறுகளில் கடலில் சல்மன் பிடிக்கிறாராம்.
மேற்படி அனைத்துக்கும் ஆதாரம்: அக்கா. வேறு ஆதாரம் இல்லை.

இருவரையும் முன்னறையில் இருபது நிமிடம் தனியே பேச விட்டோம். கதவு பாதி திறந்தபடி. நான் நடையில் நின்று பழைய பேப்பர்களை அடுக்கினேன். ஏற்கெனவே அடுக்கியிருந்தவை. காதில் விழுந்தவை: ஈயக்குண்டு, கம்பி, கிளிப், எண்பது அடி ஆழம். பெண் பார்க்க வந்தவர் பேசுகிற பேச்சா இது? சுமதி இரண்டு தரம் சிரித்தாள். பிறகு கேத்தில் ஊதத் தொடங்கியது, பரிமளம் என்னைக் கூப்பிட்டாள். கடைசிப் பத்து நிமிடம் என் காதுக்குக் கிடைக்கவில்லை.

போகும்போது வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அங்கிள், இங்கை மிச்சம் எண்ட இடத்திலை ஒரு தூண்டில் கடை இருக்காம். டவுன்ரிகருக்கு ஒரு தடி பாக்கோணும். செவ்வாய்க்கிழமை கூட வாறியளோ?"

ஓம் என்றேன்.

வன்கூவரில் கடல். கடலில் சல்மன். தடி மட்டும் லண்டனிலா?

சுமதி தாயிடம் சொன்னாளாம்: எனக்கு ஓம், அப்பா விசாரித்து முடிக்கட்டும் என்று. வயது 28. இதுவரை வந்த நாலு பேருக்கும் இல்லை என்றவள். இந்த முறை ஓம் என்றதே எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

போன வருடம் தோர்ண்டன் ஹீத்தில் எங்களுக்குத் தெரிந்த குடும்பம். மாப்பிள்ளை மொன்றியல். கலியாணக் காட் அடித்த பிறகுதான் தெரிந்தது, அங்கே ஏற்கெனவே ஒரு மனைவி. என்னை விசாரிக்கச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் வேலை. சொல்லவில்லை.

14 ஒக்டோபர், திங்கள்

குளிர். மழை இல்லை. நூலகம் திறந்ததும் போனேன். மீன்பிடிப் புத்தகங்கள் ஒரு தட்டு முழுக்க. டவுன்ரிகர் பற்றி ஒன்றில் மட்டும், ஒன்றரைப் பக்கம்.

குறித்தவை:
படகின் ஓரத்தில் ஒரு சில்லு. அதில் கம்பி. கம்பி நுனியில் பத்து இறாத்தல் ஈயக்குண்டு. குண்டு கம்பியோடு ஆழத்துக்கு இறங்கும்.
தூண்டிலின் தங்கூசி, அதாவது நைலோன் நூல், தனி. அதைக் குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளிப்பில் மாட்டி இறக்குவது.
படகு மெல்ல ஓடும். மீன் கடித்ததும் கிளிப் விட்டுவிடும். பிறகு மீனும் தடியும் மட்டும்.

தடி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. ஆனால் இருபது இறாத்தல் மீன். தடித்த, விறைத்த தடிதான் வேண்டும். இதற்குப் புத்தகம் தேவையில்லை.

நாளைக்குக் கடையில் பார்ப்போம். உண்மையில் மீன் பிடிக்கிறவர் என்றால் அந்தத் தடியை எடுப்பார். படகு இருப்பதாகச் சொன்னது பொய் என்றால் வேலையும் பொய்யாக இருக்கலாம். வேலை பொய் என்றால் மற்றவையும்.

மாலை 6.00, வன்கூவருக்குத் தொ.பே. அங்கே காலை பத்து. எங்கள் பழைய பத்திரிகையில் ஒப்புநோக்காளராக இருந்த சிவபாதம் இப்போது அங்கே. முப்பது வருடம் என் எழுத்தில் பிழை பிடித்தவர். யோகனின் பெயர், வேலை, விலாசம் கொடுத்தேன். மெல்ல விசாரிக்கும்படி சொன்னேன்.

"எப்பிடி விசாரிக்கிறது? செத்தவீட்டுச் செய்தி மாதிரியோ, கொலைச் செய்தி மாதிரியோ?"

கலியாணச் செய்தி மாதிரி என்றேன். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்றார். வெள்ளிக்குள் சொல்வாராம்.

15 ஒக்டோபர், செவ்வாய்

மிச்சம். சாம்பல் வானம். பஸ் பன்னிரண்டு நிமிடம் பிந்தியது. யோகன் எனக்கு முன்பே வந்து கடை வாசலில் நின்றார்.

கடை நீளம், ஒடுக்கம். புழு வாசம். முதலாளி இல்லை, வியாழன்தான் வருவாராம். கல்லாவில் நடுத்தர வயதுப் பெண். முன்வரிசையில் மினுங்கும் கார்பன் தடிகள். யோகன் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே பின்மூலைக்குப் போனார். அங்கே குடைகள் போலச் சாத்தி வைத்த பழைய கண்ணாடி இழைத் தடிகள். தேன் நிறம், மண் நிறம். தூசி.

ஒன்றை எடுத்தார். பதினொரு அடி இருக்கும். அடியைத் தரையில் ஊன்றி, நுனியை என்னிடம் தந்து, இழுக்கச் சொன்னார். இழுத்தேன். வளைந்தது, வளைந்தது, பிடிவரைக்கும் வளைந்தது. தடியா, புடலங்காயா?

"இது நல்ல தடி, அங்கிள்."

இவ்வளவு வளையும் தடியில் சல்மனா என்று கேட்டேன். நாள் முழுக்க வளைந்தபடி நிற்க வேண்டிய தடி, விறைத்தது சரிவராது என்றார். விறைத்த தடி மீனைப் பிடிக்காதா என்றேன். சிரித்தார். அங்கே வந்து படகில் நின்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கும் என்றார்.

சரிபார்க்க முடியாத இடத்தைக் காட்டுகிற பதில். அமைச்சர்களிடம் கேட்டுப் பழகியது.

அவர் மற்றத் தடிகளைப் பார்க்கும்போது கல்லாப் பெண்ணிடம் மெல்லக் கேட்டேன். அது குளத்தில் கார்ப் மீன் பிடிக்கிற தடி என்றாள். சல்மனுக்கு அதோ அந்த வரிசை என்று முன்பக்கம் காட்டினாள்.

யோகன் மூன்று தடிகளைச் சனிக்கிழமை வரை எடுத்து வைக்கச் சொன்னார். மூன்றும் குளத்துத் தடி.

வீட்டுக்கு வந்து பரிமளத்திடம் புடலங்காய்த் தடிக் கதையைச் சொன்னேன். முடிவில், ஆள் சொல்வது எல்லாம் உண்மையில்லை என்றேன். சொன்ன சொல் சரியாக இதுதான். அவள் காதில் விழுந்தது வேறு: ஒன்றுமே உண்மையில்லை. உடனே பிளேஸ்டோவுக்குத் தொ.பே. எடுத்து, எங்களுக்கு இன்னும் இரண்டு மூன்று கிழமை வேண்டும் என்றாள். இரண்டு மூன்று கிழமை என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அக்காவுக்குத் தெரியாதா?

சுமதி ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து வந்தாள். தாய் சொன்னாள். அவள் கோட்டைக் கழற்றாமல் படியில் நின்று கேட்டாள். மேலே போய்விட்டாள். புட்டு ஆறிப்போனது.

17 ஒக்டோபர், வியாழன்

நல்ல மழை. தனியே மிச்சம் போனேன். இரண்டாவது வாய் கேட்காமல் செய்தி இல்லை. கல்லாப் பெண் ஒரு வாய்தான்.

முதலாளி எழுபது வயது ஆள். ஸ்கொட்லாந்து ஏரி ஒன்றில் டவுன்ரிகர் வைத்து ட்ரவுட் பிடித்தவராம். நான் கேள்வியை முடிக்கவில்லை, எழும்பிவிட்டார்.

செய்து காட்டினார். மேசை ஓரத்தில் ஒரு இரும்புக் குழாய். அதில் வளையும் தடியின் பிடியைச் செருகினார். தங்கூசியை நுனிக்கு ஒரு முழம் முன்னே உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றில் கவ்வ வைத்து, கிளிப்பைக் கீழே கதவுக் காலில் கட்டினார். ரீலைச் சுற்றினார். தடி வில்லாக வளைந்தது. நுனி அவர் முழங்கால் அளவுக்கு வந்தது. தொங்கிய நுனியை என் கையில் தந்து, இப்போது நீதான் மீன் என்றார். தங்கூசியை விரலால் இழுத்தேன். கிளிப் விட்டது. தடி சடாரென்று நிமிர்ந்தது. தங்கூசி ஒரு கணமும் தளரவில்லை.

பிறகு விறைத்த தடி. வளைய மறுத்தது. கிளிப் விட்டதும் ஒரு சாண் நிமிர்ந்ததோடு சரி. தங்கூசி இடியப்பம் போலத் தரையில் கிடந்தது. அந்தத் தளர்வுக்குள் சல்மன் தூண்டிலைத் துப்பிவிட்டுப் போய்விடும் என்றார்.

அவர் சொன்ன மற்றவை:
வளையங்கள் கூட இருக்க வேண்டும். இல்லையென்றால் வளையும்போது தங்கூசி தடியில் உரசும்.
பிடி நீளமாக இருக்க வேண்டும். படகின் குழாய்க்குள் நின்று பிடிக்கும், மீன் கடித்தால் வெடுக்கென்று உருவவும் ஏலும்.
கார்பன் இலேசு. ஆனால் நாள் முழுக்க வளைந்து நிற்க, படகில் அடிபட, கண்ணாடி இழைதான் தாங்கும்.
இங்கே எல்லாரும் கார்பனுக்கு மாறிவிட்டார்கள். அதனால் நல்ல பழைய தடிகள் மூலையில் கிடக்கின்றன. அதைத் தெரிந்து வந்த ஆள் கெட்டிக்காரன் என்றார்.

ஆக, மீன் உண்மை. படகும் பெரும்பாலும் உண்மை. பிழை என்னுடையது.

பரிமளத்திடம் சொன்னேன். தடி விசயத்தில் நான் விட்ட பிழை என்றேன். அவளுக்குக் கோபம். இனிப் பிளேஸ்டோவுக்கு எந்த முகத்தோடு போன் எடுக்கிறது என்றாள். வெள்ளிக்கிழமை வன்கூவர் பதில் வரட்டும், பிறகு எடு என்றேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இவ்வளவு தெரிந்த ஆள் ஏன் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை? சிரித்து விட்டுவிட்டாரே.

18 ஒக்டோபர், வெள்ளி

மழை விட்டது. இரவல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நகம் வெட்டினேன். மாலை 5.20க்குச் சிவபாதத்துக்குத் தொ.பே. எடுத்தேன்.

வேலை சரி. விலாசம் சரி. படகு சரி, நேரே போய்ப் பார்த்தாராம், வெள்ளை நிறம், வலப்பக்கம் கீறல். குடி இல்லை. கோவிலுக்கு எப்போதாவது.

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஆனால் முந்தி ஒரு கலியாணம் நடந்தது. பதினொரு மாதம். பிறகு டிவோர்ஸ். பிள்ளை இல்லை."

உறுதியா என்று கேட்டேன். அந்தக் கலியாணத்தில் தானே சாப்பிட்டதாகவும், விசாரித்த இடத்தில் ஒரு படத்தில் முகத்தைப் பார்த்த பிறகுதான் நினைவு வந்தது என்றும் சொன்னார்.

போனை வைத்தபோது என் மனம் எப்படி இருந்தது என்று இங்கே உண்மையை எழுத வேண்டும். முதலில் சந்தோசம். பிடித்துவிட்டேன் என்ற சந்தோசம். சுமதியின் முகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பரிமளத்திடம் சொல்லவில்லை. லைன் கிடைக்கவில்லை என்றேன். சம்பந்தப்பட்டவரின் கருத்தை முதலில் கேட்க வேண்டும்.

19 ஒக்டோபர், சனி

வெயில். மிச்சம், மு.ப. 10.30. யோகன் வந்தார். பிளேஸ்டோவுக்கு என் மனைவி சொன்ன கதை தெரிந்திருக்கும். முகத்தில் காட்டவில்லை.

மூன்று தடிகளையும் முதலாளி மேசையில் வைத்தார். யோகன் என்னைத் தெரிவு செய்யச் சொன்னார். ஒன்றில் வளையம் ஐந்துதான். வேண்டாம் என்றேன். இன்னொன்றின் பிடி கட்டை. வேண்டாம். மூன்றாவதைக் குழாயில் செருகி வளைத்துப் பார்த்தேன். பதினொரு வளையம். தங்கூசி எங்கும் உரசவில்லை. இது என்றேன். யோகன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். விசாரிச்சிருக்கிறியள் என்றார். ஓம் என்றேன்.

பஸ் நிறுத்தம். தடி பழந்துணிப் பைக்குள், இரண்டு துண்டாக, எங்கள் நடுவில். கேட்டேன்.

"தம்பி, எங்களுக்குச் சொல்லாமல் விட்டது ஏதும் இருக்கோ?"

உடனே விளங்கிக்கொண்டார்.

"சுமதிட்டைச் சொல்லியிட்டன், அங்கிள். வந்த அண்டைக்கே. முன்னறையிலை. வீட்டிலை எப்ப சொல்லுறதெண்டு தான் பாத்துக்கொள்ளுறன் எண்டு சொன்னவ."

அக்காவை வாய் திறக்க வேண்டாம் என்றதும் அவர்தானாம். பெண்ணுக்கு முதலில் தன் வாயால் தெரிய வேண்டும் என்று.

எனக்குக் கிடைக்காத கடைசிப் பத்து நிமிடம்.

வீடு. சுமதி மேலே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். அறை வாசலில் நின்று, உனக்குத் தெரியுமா என்றேன். மடிப்பதை நிறுத்தவில்லை.

"வன்கூவர் மட்டும் விசாரிச்சியள், அப்பா. படி ஏறி வந்து என்னட்டை ஒண்டும் கேட்கேல்லை."

இப்போது கேட்கிறேன் என்றேன். உட்காரச் சொன்னாள். மூன்று கேள்வி கேட்டேன். மூன்றுக்கும் நேரான பதில். அந்த முதல் மனைவி வேறு ஒருவரை விரும்பியிருக்கிறாள், பெற்றோர் கட்டாயப்படுத்திச் செய்து வைத்த கலியாணம், யோகனே வக்கீலிடம் கூட்டிப் போனவர். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்பது நாலாவது கேள்வி. அம்மா டிவோர்ஸ் என்ற சொல்லோடு எழும்பிப் போய்விடுவா, அவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று பார்த்தேன், நீங்கள் புடலங்காய்த் தடி என்று தொடங்கிவிட்டீர்கள் என்றாள்.

பி.ப. 2.15. சுமதி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாயும் மகளும். நான் முன்னறையில். பேப்பர் அடுக்கவில்லை. ரீவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். அதையும் மீறிப் பரிமளத்தின் குரல் ஒரு தரம் உயர்ந்தது. பாத்திரம் ஒன்று விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை.

2.50. பரிமளம் வெளியே வந்தாள். கண் சிவப்பு. என்னைப் பார்க்காமல் ரெலிபோனை எடுத்துப் பிளேஸ்டோ இலக்கத்தைச் சுழற்றினாள். யோகனைக் கேட்டாள்.

"தம்பி, நீங்கள் முதல் கட்டின அந்தப் பிள்ளை இப்ப எங்கை இருக்கிறா? சுகமா இருக்கிறாவோ?"

நீண்ட பதில். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். ம் என்றாள். ஐந்து தரம். எனக்குத் தோன்றாத கேள்வி அது. சுமதி குசினி வாசலில், கையில் ஈரத்துணியோடு.

"சரி தம்பி. எங்களுக்குச் சம்மதம். நாளைக்குப் பிளைட்டுக்கு முதல் எல்லாரும் மத்தியானம் இங்கை சாப்பிட வாங்கோ. நான் மீன் குழம்பு வைக்கிறன்."

மறுபுறம் ஏதோ சொன்னார். பரிமளம் ரிசீவரின் வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஆள் மீன் சாப்பிடுறதில்லையாம்."

ஏன் என்று கேள் என்றேன். போனை வைத்துவிட்டாள்.